வீட்டுச் சமையல் குறிப்பு எழுதும்போது எதைக் கட்டாயம் எழுத வேண்டும்?

அடுப்பில் இருக்கும் பண்டம் எப்படி மாறுகிறது என்பதை. அளவையும் நிமிடத்தையும் எல்லோருமே எழுதிவிடுகிறோம். "பத்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்கவும்" என்றால் அது என் அடுப்புக்கும் என் பாத்திரத்துக்கும் சரி. வாசிப்பவர் இண்டக்ஷன் அடுப்பில் அகலமான வாணலி வைத்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் அவருக்கு உதவாது.

வத்தக்குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். "எலுமிச்சம்பழ அளவு புளி" என்று எழுதுகிறோம். புதுப்புளியா, பழம்புளியா? பழம்புளி கறுத்திருக்கும், குழம்புக்கு அந்த அடர்ந்த நிறத்தைக் கொடுக்கும். ரசத்துக்குப் புதுப்புளி போதும். நல்லெண்ணெயில் தாளிக்கும்போது வெந்தயம் சிவந்தால் மணம், கறுத்தால் குழம்பு முழுக்கக் கசப்பு. புளித்தண்ணீர் விட்டதும் முதலில் சலசலவென்று கொதிக்கும், பொடியின் பச்சை வாசனை மூக்கில் ஏறும். வற்ற வற்றக் குமிழ் கனத்து, தளக் தளக்கென்று மெதுவாக வெடிக்கும். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். இறக்க வேண்டியது அப்போதுதான். இந்த நாலு வரி இருந்தால் எந்த அடுப்பிலும் சமைத்துவிடலாம்.

அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. "உப்பு தேவையான அளவு" என்று எழுதுவது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. முதல்முறை சமைப்பவருக்குத் தேவையான அளவு எது என்று எப்படித் தெரியும்? கல் உப்பு ஒரு ஸ்பூனும் தூள் உப்பு ஒரு ஸ்பூனும் ஒன்றல்ல, எது என்று சொல்லிவிட வேண்டும். ஆனால் அளவுகள் காலத்துக்குக் காலம் மாறுபவை. எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' என்ற சமையல் புத்தகம் 1951-ல் வந்தபோது வீடுகளில் ஆழாக்கும் பலம் என்ற பழைய எடையும்தான் புழக்கம். இன்று ஓர் ஆழாக்கு என்றால் சுமார் 168 மில்லி என்று விளக்க வேண்டியிருக்கிறது. வெந்தயம் சிவப்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதிரசத்தில் இப்படிப் பக்குவம் பார்ப்பது இன்னும் கறார். வெல்லப்பாகைக் கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நின்று, விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வர வேண்டும். வெப்பமானி இருந்தால் சுமார் 115 டிகிரி செல்சியஸ் காட்டும். பாகு முற்றினால் அதிரசம் கல், இளகினால் எண்ணெயில் பிரிந்துபோகும். அரிசிமாவும் கையில் பிடித்தால் பிடிபடும் ஈரத்தோடு இருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்த கடை மாவு இதற்கு ஆகாது.

அப்புறம், அம்மாவிடமோ பாட்டியிடமோ கேட்டு எழுதுவதாக இருந்தால் போனில் கேட்காதீர்கள், சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கைப்பிடியாக அள்ளினால் நிறுத்தி, ஒரு டம்ளரில் கொட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். என் அத்தை அதிரசப் பக்குவத்தை அழகாகச் சொல்லுவார். மாவைக் கிளறி முடித்ததும் மேலே நெய் தடவி, துணி கட்டி, ஒரு நாள் ஊறவிட்டுத்தான் தட்டுவார் என்பது மட்டும் அவர் சொன்னதில் வரவே இல்லை. கூட நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அது தெரியாதா என்ன?" என்றார்.