அதிகாலை ஒப்பனை மறுவீடு வரை நிற்குமா?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கிறேன், ஜங்ஷனில் ஓர் அலுவலகத்தில் வேலை. மாநிறம். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழியும், கன்னம் மட்டும் காய்ந்து கிடக்கும். காலையில் ஃபவுண்டேஷன் போட்டு, மேலே காம்பேக்ட் ஒற்றிக்கொண்டு கிளம்பினால் பதினொரு மணிக்குள் மூக்கு பளபளக்கிறது. மறுபடி காம்பேக்ட் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடுகிறது. வைகாசியில் திருச்செந்தூரில் என் தங்கைக்குக் கல்யாணம்; மண்டபத்தில் ஏசி கிடையாது. அதிகாலை நான்கு மணிக்கு ஒப்பனை முடித்தால் மாலை மறுவீடு வரை உட்கார்ந்து திருத்த நேரம் இருக்காது. கடையில் கேட்டால் லூஸ் பவுடர், ஃபினிஷிங் பவுடர், செட்டிங் ஸ்பிரே மூன்றும் வேண்டும் என்கிறார்கள். மூன்றையும் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். லூஸ் பவுடர் ஒன்று, ஸ்பிரே ஒன்று. ஃபினிஷிங் பவுடரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் காம்பேக்ட் கைப்பையிலேயே இருக்கட்டும், அதற்கும் வேலை உண்டு.

முதலில் உங்கள் ஒப்பனையைக் கலைப்பது எது என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலோர் இரண்டைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மூக்கில் வருவது எண்ணெய். மேலுதட்டிலும் நெற்றியின் மேல் விளிம்பிலும் முத்து முத்தாக அரும்புவது வியர்வை. எண்ணெய் மெதுவாகச் சுரந்து ஃபவுண்டேஷனை அடியிலிருந்தே இளக்கும். வியர்வை கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும்தான். அது ஃபவுண்டேஷனைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், வழிகிற இடத்தில் கோடு போடும். எண்ணெய்க்கு மருந்து பவுடர், வியர்வைக்கு மருந்து ஸ்பிரே. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. விலையை எவ்வளவு கூட்டினாலும் செய்யாது.

அலுவலகத்தில் உங்களுக்கு நடப்பது இதுதான். வெயிலில் பஸ் ஏறி இறங்கி வருகிறீர்கள், முகத்தில் வியர்வையும் எண்ணெயும் சேர்ந்து நிற்கின்றன. அந்த ஈரத்தின் மேலேயே காம்பேக்ட்டை ஒற்றுகிறீர்கள். நனைந்த பவுடர் திரண்டு பசையாகி, காய்ந்ததும் வெளுத்துத் தெரிகிறது. காம்பேக்ட்டை மாற்றினாலும் இதே கதைதான். முதலில் ஈரத்தை எடுக்க வேண்டும். டிஷ்யூ தாளையோ மெல்லிய பருத்திக் கைக்குட்டையையோ முகத்தில் வைத்து அழுத்துங்கள், துடைக்காதீர்கள். அதற்குப் பிறகும் மூக்கு பளபளத்தால், அங்கே மட்டும் காம்பேக்ட். இந்த ஒரு பழக்கத்திலேயே அலுவலகப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும்.

இனி, பவுடரை எப்படித் தேர்ந்தெடுப்பது? லூஸ் பவுடர் மாவாகவே இருப்பதால் நைசாக இருக்கும். காம்பேக்ட்டைக் கட்டியாக நிறுத்த அதில் எண்ணெய்ப் பசையுள்ள பொருள்களைச் சேர்த்து அழுத்துவார்கள். அதனால் வீட்டில் ஒப்பனையை இறுக்க லூஸ் பவுடர், வெளியே போன இடத்தில் திருத்திக்கொள்ளக் காம்பேக்ட் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் உறிஞ்ச வேண்டுமானால் பெட்டியின் பின்புறப் பட்டியலில் சிலிக்கா, கயோலின், ஸ்டார்ச் ஆகியவற்றில் ஒன்றாவது முன் வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் டால்க் வழுவழுப்பைத் தரும், உறிஞ்சுவது குறைவு. குளித்துவிட்டு உடம்புக்குப் போடும் வாசனைப் பவுடரையே மேலே அப்பினால் போதும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். ஃபவுண்டேஷன் போடாத முகத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஃபவுண்டேஷன் மேல் போட்டால் வெள்ளை பூக்கும், வியர்த்ததும் திட்டுத் திட்டாகும்.

நிறத்தில்தான் கடைக்காரர்கள் நம்மை அதிகம் ஏமாற்றுகிறார்கள், அல்லது அவர்களே ஏமாறுகிறார்கள். 'ட்ரான்ஸ்லூசன்ட், எல்லா நிறத்துக்கும் பொருந்தும்' என்று எழுதியிருக்கும். டப்பாவில் அது வெள்ளையாகவே இருந்தால் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சாம்பல் தட்டும். உங்களுக்கு இளமஞ்சள் அல்லது பீச் சாயல் கொண்டது வேண்டும். 'பனானா பவுடர்' என்ற பெயரில் மஞ்சள் சாயலில் கிடைப்பதும் பொருந்தும். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தை நம்பவேண்டாம். தாடை ஓரத்தில் கொஞ்சம் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். பிறகு செல்போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். 'எச்டி' என்று விற்கும் பவுடர்களில் பல பெரும்பாலும் சிலிக்காதான். நேரில் கண்ணுக்குத் தெரியாது. ஃபிளாஷ் விழுந்ததும் கண்ணுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று தெரியும். கல்யாண ஆல்பத்தில் அதை யாரும் அழித்துத் தரப்போவதில்லை. சன்ஸ்கிரீனில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடும் ஜிங்க் ஆக்சைடும்கூட ஃபிளாஷில் வெளுத்துக் காட்டும் என்பதால் இந்தச் சோதனையை முழு ஒப்பனையோடு செய்து பார்ப்பது நல்லது.

ஃபினிஷிங் பவுடரை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது ஒளியைச் சிதறடித்து, தோலின் துளைகள் தெரியாமல் மழமழப்பாகக் காட்டுவதற்காகச் செய்தது. ஒப்பனை நிற்கும் நேரத்தை அது நீட்டாது. அதில் மைக்கா மினுக்கம் இருந்தால் இன்னும் மோசம்: உங்கள் மூக்கில் பதினொரு மணிக்கு வரவேண்டிய பளபளப்பு அதிகாலை நான்கு மணிக்கே வந்துவிடும். படப்பிடிப்பு விளக்கின் முன்னே நிற்பவர்களுக்கு அது உதவும். கல்யாண வீட்டில் ஓடியாடும் அக்காவுக்கு எதற்கு?

ஸ்பிரே விஷயம் கொஞ்சம் பெரியது, ஏனென்றால் ஒரே மாதிரிப் புட்டியில் இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள். ஒன்று, உண்மையாகவே ஒப்பனையைப் பிடித்து வைப்பது. அதில் முகத்தின் மேல் மெல்லிய படலம் கட்டும் பாலிமர் இருக்கும். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுகிறோமே, அந்த வேலைதான். பட்டியலில் 'பிவிபி', 'விபி/விஏ கோபாலிமர்', 'அக்ரிலேட்ஸ் கோபாலிமர்' என்று ஏதாவது ஒரு பெயர் இருக்க வேண்டும். சீக்கிரம் உலர்வதற்காக ஆல்கஹாலும் பெரும்பாலும் இருக்கும். மற்றொன்று வெறும் முகநீர்: தண்ணீர், கிளிசரின், ரோஜா அல்லது கற்றாழைச் சாறு. பவுடரின் மாவுத் தோற்றத்தைக் கரைத்து முகத்தை இயல்பாகக் காட்டும், அவ்வளவுதான். அதற்கும் 'செட்டிங்' என்றே பெயர் வைத்துவிடுகிறார்கள். முன்பக்கப் பெயரை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொருள்களை அளவு கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கி எழுதுவதுதான் முறை. கிளிசரின் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வந்து, பாலிமர் பெயர் எதுவுமே இல்லையென்றால் அது உங்களுக்கு வேண்டியதல்ல.

உங்கள் வீட்டுக் கல்யாணம் திருச்செந்தூரில் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வைகாசி வெயில் 38, 39 டிகிரி அடித்தாலும் காற்று வறண்டிருக்கும், வியர்வை சீக்கிரம் காய்ந்துவிடும். கடலோரத்தில் வெயில் சற்றுக் குறைவாக இருந்தாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் முகத்திலேயே நிற்கும். அங்கே பவுடரை மட்டும் நம்பிப் போனால் முகூர்த்தத்துக்குள்ளேயே கலைந்துவிடும். கிளிசரின் கூடுதலான நீர் அந்த ஈரத்தில் பிசுபிசுக்கும். நீங்கள் வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கப் போகிறவர் வேறு. பன்னீர்த் துளி விழுந்த இடத்தில் படலம் இல்லாத பவுடர் புள்ளி புள்ளியாகத் திரியும்.

போலிப் பொருள்கள் நிறையப் புழங்குகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். தயாரித்தவர் முகவரியும் உரிம எண்ணும், வெளிநாட்டுப் பொருளானால் இறக்குமதிப் பதிவு எண்ணும் இல்லாத ஸ்பிரேயைத் தள்ளுபடி விலைக்குத் தந்தாலும் தொடவேண்டாம். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை முகத்துக்கு அடிக்கும் குறுக்குவழியும் கூடாது. கண்ணும் தோலும் எரியும். நல்ல பொருளையும் ஒரு நாள் முன்னதாகக் காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ வந்தால் வேறு பார்க்க வேண்டியதுதான்.

அன்றைக்குச் செய்ய வேண்டிய முறை: சன்ஸ்கிரீன் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஃபவுண்டேஷன் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நேரம் நிற்கும். தடித்துப் பூசியதை எந்தப் பவுடரும் ஸ்பிரேயும் காப்பாற்றாது. போட்டு முடித்து ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள். கண்ணுக்குக் கீழே கோடு விழுந்திருந்தால் விரல் நுனியால் நீவிவிட்டு, அதன் பிறகு பவுடர். பஃபில் எடுத்ததைப் புறங்கையில் தட்டி, மிச்சம் என்ன ஒட்டியிருக்கிறதோ அதை நெற்றி நடுவிலும் மூக்கிலும் மூக்கோரத்திலும் மேலுதட்டிலும் முகவாயிலும் அழுத்துங்கள். தேய்த்தால் அடியில் இருப்பது நகர்ந்துவிடும். கன்னம் காய்ந்தது என்கிறீர்கள். அங்கே பஃபில் ஒட்டியிருக்கும் மிச்சமே போதும். கண்ணுக்குக் கீழே பவுடரைக் குவித்துப் பத்து நிமிடம் வைத்திருந்து தட்டிவிடும் முறை இப்போது எல்லாரும் செய்கிறார்கள். வறண்ட இடத்தில் அது சுருக்கத்தை எடுத்துக் காட்டும், உங்களுக்கு வேண்டாம்.

பிறகு ஸ்பிரே. புட்டியை ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, 25 சென்டிமீட்டர் அளவில் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கி, மூன்று நான்கு முறை அடித்தால் போதும். முகம் சொட்டச் சொட்ட நனைந்தால் அதுவே ஒப்பனையைக் கலைத்துவிடும். தானாக உலரட்டும், உலரும்வரை சிரிப்பதையும் பேசுவதையும் ஒத்திவையுங்கள், கல்யாண வீட்டில் அது கஷ்டம்தான். திருச்செந்தூர் ஈரத்துக்கு நான் ஸ்பிரேயை இரண்டு தடவையாகப் பிரிப்பேன்: ஃபவுண்டேஷன் முடிந்ததும் ஒன்று, உலர்ந்த பின் பவுடர், கடைசியில் இன்னொன்று. மஸ்காரா போடுவதை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஹோமப் புகைக்குக் கண் கலங்கும் என்பதால் நீர் படாத வகையாக இருக்கட்டும். ஒன்றை மறக்காதீர்கள். ஆல்கஹால் உள்ள ஸ்பிரே தீப்பிடிக்கும். குத்துவிளக்குப் பக்கத்திலோ ஹோமகுண்டத்துக்கு அருகிலோ அடிக்கக் கூடாது. புட்டியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டும் போகக் கூடாது.

கடையில் யாரும் சொல்லாத ஒன்று, தலை எண்ணெய். கல்யாணத்தன்று படிய வாரிப் பூ வைக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெயைத் தடவிவிடுவார்கள். அது 25 டிகிரிக்கு மேல் உருகி ஓடுகிற எண்ணெய். வைகாசியில் நெற்றி விளிம்பிலிருந்து இறங்கி வந்து ஃபவுண்டேஷனைக் கரைக்கும். முந்தின நாளே தலைக்குக் குளித்துவிடுங்கள். படிய வேண்டுமானால் ஜெல் கொஞ்சம் போதும். ஒட்டுப்பொட்டு நழுவாமல் இருக்கவும் இதுவே வழி.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை திருத்த ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மறுவீட்டில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் பரிமாறினால் மேலுதடு வியர்க்காமல் யாராலும் எழுந்து வர முடியாது. அழுத்தி எடுங்கள், மூக்கில் மட்டும் காம்பேக்ட், தேவைப்பட்டால் ஸ்பிரே ஒரு முறை. முந்தானையால் ஒற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்; சரிகை உரசின இடத்தில் ஒப்பனை அப்படியே சேலைக்குப் போய்விடும்.

ஆனியிலும் ஆவணியிலும் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக அப்போது வீசும் மேல்காற்று வியர்வையை விடத் தோலின் ஈரத்தை அதிகம் வாங்கும், மண்ணையும் அள்ளி வரும். அந்த மாதங்களில் பவுடரைப் பாதியாகக் குறைத்து, அடியில் மாய்ஸ்சரைசரைக் கூட்டுங்கள். வைகாசிக்கு நான் ஒதுக்கிய கிளிசரின் முகநீர் அப்போது வறண்ட சருமத்துக்குக் கைகொடுக்கும்.

எவ்வளவு அலுத்திருந்தாலும் இரவு அப்படியே படுத்துவிடாதீர்கள். பாலிமர் படலம் வெறும் தண்ணீருக்கு எளிதில் வராது. கிளென்சிங் பாம் அல்லது மைசெல்லார் நீரால் முதலில் இளக்கி எடுத்துவிட்டு, பிறகு ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயிலும் இளகும். ஆனால் எண்ணெய் வழியும் முகத்தில் அது பருவைக் கிளப்பக்கூடும் என்பதால் உங்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.