கேள்வித்தாளில் 12 மதிப்பெண்: மனச்சோர்வு என்று முடிவு கட்டலாமா?

கேள்வி: என் ஆத்தாவுக்கு 71 வயது. அப்பச்சி காலமான பிறகு தேவகோட்டையில் எங்கள் பெரிய வீட்டில் ஒரு வேலையாள் துணையுடன் இருக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்கள். சென்ற மாதம் பரிசோதனைக்குப் போனபோது ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஆத்தாவிடம் கேட்டு நான்தான் குறித்தேன். 12 மதிப்பெண் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி கைபேசியில் அனுப்பிய, முதியோருக்கான 15 கேள்விகளில் 4தான் வந்தது. எது சரி? மாத்திரை தொடங்க வேண்டுமா? பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் வைத்து ஏற்றும் நூல்திரி) எடுத்துக்கொள்ளக்கூட இந்த முறை ஆத்தா எழுந்து வரவில்லை.
- வாசகி, காரைக்குடி

பதில்: இரண்டு தாள்களும் வெவ்வேறு செய்திகளைக் கேட்பவை என்பதால் அவற்றின் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை. முதலாவது பி.எச்.கியூ-9, கடந்த இரண்டு வாரங்களில் நாட்டமின்மை, மனவாட்டம், தூக்கம், களைப்பு, பசி போன்றவை எத்தனை நாட்கள் இருந்தன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 வரை மதிப்பெண் தருவது. தூக்கமும் களைப்பும் பசியும் சர்க்கரை நோயினாலேயே மாறக்கூடியவை என்பதால், மனம் நலமாக உள்ள முதியவருக்கும் இதில் மதிப்பெண் ஏறிவிடும். மற்றது, ஜி.டி.எஸ்-15, அந்தக் காரணத்துக்காகவே உடற்குறிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, ஆம், இல்லை என்று மட்டும் பதில் கேட்கிறது. அதில் பொதுவாக 5-ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். 4 என்பது அந்த வாசலுக்கு ஒரு படி முன்னால்தான். அதை வைத்து நிம்மதி அடைந்துவிட முடியாது.

பி.எச்.கியூ-9 தாளில் 10-ஐ வரம்பாகக் கொள்வது வழக்கம். 2001-இல் வெளியான அதன் மூல ஆய்வில் இந்த வரம்பு, கடும் மனச்சோர்வு உள்ளவர்களில் 88 விழுக்காட்டினரைக் கண்டுகொண்டது. இல்லாதவர்களில் 88 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 பேரில் 10 பேருக்கு நோய் இருப்பதாகக் கொண்டால், அவர்களில் 9 பேர் வரம்பைத் தாண்டுவர், நோயில்லாத 90 பேரிலும் ஏறத்தாழ 11 பேர் தாண்டுவர். ஆகவே வரம்பைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அந்த நோய் இல்லை. இந்தத் தாள் யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதை மருத்துவருக்குக் காட்டும். நோய் என்ன என்பதை அந்தப் பேச்சுதான் தீர்மானிக்கும். எண்ணை மட்டும் பார்த்து மாத்திரை எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

தாளை நீங்கள் நிரப்பியதையும் கவனிக்க வேண்டும். மகள் எதிரில் இருக்கும்போது, "எனக்கென்ன, நல்லாத்தேன் இருக்கேன்" என்று சொல்லிவிடும் தாய்மார்கள் நம் பக்கத்தில் ஏராளம். கவலைப்படும் மகள் ஒரு கட்டம் கூட்டிக் குறிப்பதும் நடக்கும். மருத்துவரோ செவிலியரோ ஆத்தாவைத் தனியே அமர்த்தி, கேள்விகளைத் தமிழில் வாசித்து, மறுபடி கேட்கட்டும். ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்பது. அதற்கு 0 தவிர வேறு எது குறிக்கப்பட்டிருந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பாராமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். அந்தத் தாளை எடுத்து அந்த இடத்தை முதலில் பாருங்கள்.

இழை எடுத்துக்கொள்ள வராததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஆண்டுதோறும் விரும்பிச் செய்ததில் நாட்டம் போவது இந்தத் தாளின் முதல் கேள்வியே. ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினை நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். முன்பு எப்போதாவது அளவுமீறிய உற்சாகத்தோடு தூங்காமல் திரிந்த காலம் உண்டா என்பதும் முக்கியம், ஏனெனில் அப்படி இருந்தவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆபத்தாகலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவை அணுகலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: சிகிச்சை தொடங்கிய பிறகும் இந்த பி.எச்.கியூ-9 தாளை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டுமா?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: ஆம், அதற்கு இது நன்றாகவே உதவும். சில வாரங்களுக்கு ஒருமுறை போதும், தினமும் வேண்டாம். மதிப்பெண் 5 குறைந்தால் நல்ல முன்னேற்றம். மொத்தம் 5-க்குக் கீழே வருவதே இலக்கு. குறைந்துவிட்டதே என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.