வேகவைத்ததுதான் பிழை

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் வாடகை அறை எடுத்து நான்கு மாணவர்கள் தங்கியிருக்கிறோம். ஒற்றை அடுப்பு, பழைய மிக்சி, சின்னதாக ஒரு ஃபிரிட்ஜ், இவ்வளவுதான் எங்கள் சமையலறை. பாலக்காட்டுக் கடைகளில் குப்பூஸ் என்ற அரபு ரொட்டிக்குள் வைத்துத் தரும் ஃபலாஃபெல் என்ற கடலை உருண்டை எங்கள் நால்வருக்கும் பிடித்துப்போனது. ஆனால் வாரம் ஒரு முறை வாங்குவதுகூடக் கட்டுப்படியாகவில்லை. வெள்ளைக் கொண்டைக்கடலையைக் குக்கரில் வேகவைத்து, அரைத்து, உருட்டிப் போட்டபோது உருண்டைகள் கரைந்து, கடலையோடு அரை லிட்டர் எண்ணெயும் பாழாயிற்று. குறைந்த செலவில் செய்ய வழி உண்டா? அதோடு தரும் தாஹினி என்ற எள் விழுது இல்லாமல் முடியுமா?
— கல்லூரி மாணவர், பாலக்காடு மாவட்டம்

பதில்: தம்பி, உங்கள் வீட்டில் பருப்பு வடைக்குக் கடலைப்பருப்பை யாராவது வேகவைத்து அரைப்பார்களா? ஃபலாஃபெலும் அந்த வடைக்கு ஒன்றுவிட்ட உறவுதான். எகிப்தில் உலர்ந்த ஃபாவா அவரையில் ‘தஅமியா’ என்று செய்கிறார்கள்; லெபனான், சிரியா, பாலஸ்தீனம் பக்கத்தில் கொண்டைக்கடலையில் செய்கிறார்கள்; இரண்டிலும் பயறு ஊறிய நிலையில், வேகாமலேதான் அரைபடுகிறது. ஊறிய கடலையில் உள்ள மாவுச்சத்து எண்ணெயின் சூட்டில்தான் முதன்முதலாக வெந்து, இறுகி, உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. குக்கரில் ஏற்கெனவே வெந்து நீர் குடித்த கடலைக்குப் பிடித்துக்கொள்ளும் அந்தத் திறன் மிச்சமில்லாததோடு, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும்போது உருண்டையையும் உடைத்துவிடுகிறது. முதல் முறை செய்தபோது நானும் இதே பிழையைச் செய்து, கடாயின் அடியில் தங்கியதைத் தோசைக் கரண்டியால் சுரண்டி எடுத்தவள்தான்.

நால்வருக்கு ஒரு வேளைக்கு 250 கிராம் உலர்ந்த கொண்டைக்கடலை போதும். ஊறியபின் அது ஏறத்தாழ 500 கிராமைத் தாண்டும், வெங்காயமும் கொத்தமல்லித்தழையும் சேர்ந்தால் இருபதுக்குக் குறையாத உருண்டைகள் கிடைக்கும். நிறையத் தண்ணீரில் 12 மணி நேரமாவது ஊறவேண்டும். நம் பக்கத்து வெயிலுக்குத் தண்ணீரை ஒரு முறையாவது மாற்றாவிட்டால் புளித்த வாடை வந்துவிடும் என்பதால், ஃபிரிட்ஜிலேயே ஊறவைப்பது நல்லது. வெள்ளைக் கடலை விலை கையைக் கடித்தால், புட்டுக்குக் குழம்பு வைக்கும் கறுப்புக் கடலையைத் தயங்காமல் வாங்குங்கள். தோல் தடிமன் என்பதால் 18 மணி நேரம் ஊறவேண்டும், நிறம் சற்று மங்கும், அவ்வளவுதான். ராஜ்மாவை மட்டும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். சரியாக வேகாத ராஜ்மா வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும்.

ஊறிய கடலையை வடிகட்டிப் பழைய துண்டில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பலால் விட்டுவிட்டுப் பிறகு மாவு தளர்ந்துவிட்டதே என்று வருந்துகிறவர்கள்தான் அதிகம். ஒரு வெங்காயம், நான்கைந்து பல் பூண்டு, இரண்டு பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், இரண்டு தேக்கரண்டி மல்லித்தூள், உப்பு, இரண்டு கைப்பிடி கொத்தமல்லித்தழை சேர்த்துத் தண்ணீர் விடாமல், மிக்சியை விட்டு விட்டு ஓட்டி, இரண்டு மூன்று தடவையாக அரையுங்கள். அரபு நாடுகளில் பார்ஸ்லி சேர்ப்பார்கள். நமக்கு அது வேண்டாம், வேலந்தாவளம் சந்தை கலையும் நேரத்தில் போய்க் கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம் பேசுங்கள். பதம் ரவையைவிடச் சற்றுக் கொரகொரப்பாக இருக்கவேண்டும். கையில் பிடித்தால் பிடி நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஒரு மேசைக்கரண்டி கடலை மாவு சேர்த்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பொரிக்கும் நேரத்தில்தான் கால் தேக்கரண்டி ஆப்பச்சோடா சேர்க்கவேண்டும்.

உங்கள் செலவில் பெரும்பகுதி கடலையில் இல்லை, எண்ணெயில் இருக்கிறது. அகலமான கடாயில் அரை லிட்டரை ஊற்றுவதைவிட, தாளிக்கப் பயன்படும் குழிவான சிறிய கடாயில் 200 மில்லி ஊற்றி, மும்மூன்றாகப் பொரிப்பது நேரத்தைக் கொஞ்சம் தின்றாலும் பணத்தை மிச்சப்படுத்தும். சிட்டிகை மாவு போட்டவுடன் நுரைத்து மேலே வந்தால் எண்ணெய் பதம். முதலில் ஒரே ஒரு உருண்டையைப் போட்டுப் பாருங்கள். உடைந்தால் மீதி மாவையாவது காப்பாற்றலாம். உள்ளே இருப்பது பச்சைக் கடலை என்பதால் எலுமிச்சையில் பாதி அளவுக்கு உருட்டி, லேசாகத் தட்டி, மிதமான தீயில் நான்கைந்து நிமிடம் விடவேண்டும்.

மாதக் கடைசியில் பொரிக்கும் அளவுக்கு எண்ணெய் இல்லையென்றால், வீட்டு உரிமையாளரிடம் குழிப்பணியாரக் கல்லைக் கேளுங்கள். அவர் மலையாளியாக இருந்தால் உண்ணியப்பச் சட்டி என்று கேளுங்கள். குழிக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெய், சிறு தீ, மூடி, பிறகு திருப்பல் என்று பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மொறுமொறுப்பு ஒரு படி குறைவு என்பதை மறைக்கமாட்டேன், ஆனால் நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

தாஹினி என்பது வறுத்த எள்ளின் விழுது. 50 கிராம் வெள்ளை எள்ளை வறுத்து, நிறம் மாறுமுன் இறக்கி, ஆறவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயோடு அரைத்தால் வந்துவிடும். அதில் தயிர், ஒரு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு கலந்தால் இருமடங்காகும். எள்ளுக்கும் காசு இல்லாத நாளில் பூண்டுத் தயிர் போதும். கடைகளில் தருவது போல மயோனைஸ் வேண்டுமென்று பச்சை முட்டையை மட்டும் அடிக்காதீர்கள். உணவு நச்சாகும் அபாயத்தால் கேரளம் 2023 ஜனவரியிலேயே பச்சை முட்டை மயோனைஸைத் தடைசெய்தது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது.

சோடா சேர்க்காத மாவு ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். பேக்கரியில் குப்பூஸ் பாக்கெட்டாகவே கிடைக்கிறது. அதை வெறும் தோசைக்கல்லில் காட்டிச் சூடாக்கி, உள்ளே வைப்பதற்குக் கேரட்டையும் பீட்ரூட்டையும் நீளவாக்கில் நறுக்கி, உப்பும் வினிகரும் கலந்த நீரில் கடலை ஊறும் அதே இரவில் ஊறப்போட்டுவிடுங்கள்.