வாசகர் கேள்வி – பதில்: கார்டிஃப் பெண்ணும் நான்காம் இடமும்

கேள்வி: பாரிஸ் ஒலிம்பிக்கில் ரூபி எவன்ஸ் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனையைப் பிரிட்டனைச் சேர்ந்தவர் என்றார்கள். பிறகு படித்த செய்தியொன்று அவரை வேல்ஸ் வீராங்கனை என்கிறது. எது சரி?
– வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இரண்டும் சரிதான். ரூபி எவன்ஸ், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸின் தலைநகர் கார்டிஃபைச் சேர்ந்தவர். ஒலிம்பிக், உலக, ஐரோப்பியப் போட்டிகளில் வேல்ஸுக்குத் தனி ஜிம்னாஸ்டிக்ஸ் அணி கிடையாது; அங்கெல்லாம் பிரிட்டன் அணியில்தான் இடம்பெற வேண்டும். காமன்வெல்த் போட்டியில் வேல்ஸ் தன் சொந்தக் கொடியோடு வருகிறது. 2014இல் கிளாஸ்கோவில் வேல்ஸ் பெண்கள் அணி வெண்கலம் வென்றதும், 2018இல் கோல்ட் கோஸ்டில் லட்டாலியா பெவன் ஃப்ளோர் எனும் தரைவிரிப்பு ஆட்டப் பிரிவில் வெள்ளி வென்றதும் அந்தக் கொடியின் கீழ்தான். வீட்டில் தமிழ் பேசும் உங்கள் ஊர்ப் பெண் தேசியப் போட்டியில் கேரளத்துக்காகவும் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்காகவும் களமிறங்குவதை நினைத்துப் பார்த்தால் இது உங்களுக்கு எளிதில் விளங்கும்.

இதில் ஒரு கடினமும் இருக்கிறது. ஒலிம்பிக்கில் பிரிட்டனின் ஐந்து இடங்களுக்கு இங்கிலாந்துப் பெண்களோடும் போட்டியிட்டாக வேண்டும் என்பதால், சிறிய நாடான வேல்ஸிலிருந்து ஒருவர் அந்த அணிக்குள் நுழைவது அரிது. 1996இல் அட்லாண்டாவில் சோனியா லாரன்ஸ் பங்கேற்ற பிறகு, 28 ஆண்டுகள் கழித்து ரூபி எவன்ஸ் வழியாகத்தான் வேல்ஸுக்கு மீண்டும் ஒலிம்பிக்கில் வால்ட், பீம், ஃப்ளோர் போன்றவை அடங்கிய பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் இடம் கிடைத்தது.

கேள்வி: பாரிஸில் பிரிட்டன் பெண்கள் அணி நூலிழையில் வெண்கலத்தை இழந்தது என்கிறார்கள். அந்த நூலிழை எவ்வளவு? யாரோ ஒருவருடைய தவறால் பதக்கம் போனது என்று சொல்லலாமா?
– வாசகி ஒருவர், குப்பம்

பதில்: மூன்றாம் இடம் பெற்ற பிரேசிலுக்கு 164.497 புள்ளிகள், நான்காம் இடம் பெற்ற பிரிட்டனுக்கு 164.263. இடைவெளி 0.234. இந்த எண்ணின் எடை புரிய வேண்டுமானால் மதிப்பெண் போடும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

முழுமையான பத்து என்ற பழைய கணக்கு 2006இல் விடைபெற்றுவிட்டது. இப்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு மதிப்பெண்கள் உண்டு. செய்துகாட்டும் வித்தைகளின் கடினத்தைக் கூட்டிக்கொண்டே போவது ஒன்று. செய்த விதத்தைப் பார்த்துப் பத்திலிருந்து குறைத்துக்கொண்டே வருவது மற்றொன்று. தரையிறங்கும்போது கால் சற்று நகர்ந்தால் 0.1, பெரிய அடி வைத்தால் 0.3, விழுந்தால் 1.0 போய்விடும். பத்து சென்டிமீட்டர் அகலமே உள்ள பீம் என்ற சட்டத்தின் மேல் ஒரு தள்ளாட்டம்கூடக் கணக்கில் வரும். ஆக, 0.234 என்பது தரையிறங்கும்போது எடுத்து வைத்த ஒரேயொரு பெரிய அடிக்கும் குறைவான தொலைவு.

ஆனாலும் உங்கள் இரண்டாம் கேள்விக்கு, அப்படிச் சொல்லலாகாது என்பதே என் உறுதியான பதில். குழு இறுதிச் சுற்றில் நான்கு பிரிவுகளிலும் பிரிவுக்கு மூவர் ஆடுகிறார்கள். பன்னிரண்டு ஆட்டங்களின் மதிப்பெண்ணும் அப்படியே கூட்டப்படுகின்றன, எதையும் கழித்துவிட்டு நல்லதை மட்டும் வைத்துக்கொள்ள வழியில்லை. அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு பத்தில் ஒரு பங்கு சிந்தியிருக்கும் என்பதால், இழந்த 0.234ஐத் தனியொரு பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமாகாது. 2016இல் ரியோவில் தீபா கர்மாகர், ஓடிவந்து கையூன்றித் தாண்டும் வால்ட் பிரிவின் இறுதியில் 15.066 புள்ளிகள் பெற்று 0.150 இடைவெளியில் நான்காம் இடம் வந்தபோது, நாம் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை, கொண்டாடினோம். அந்தப் பரிவு இந்தப் பெண்களுக்கும் உரியது.

ரூபி எவன்ஸும் அத்துடன் நின்றுவிடவில்லை. 2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த உலகப் போட்டியில் ஃப்ளோர் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாரிஸில் அவரோடு அதே நான்காம் இடத்தைப் பகிர்ந்துகொண்ட அபிகேல் மார்ட்டின் ஜகார்த்தாவில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார். இருவரும் ஒரே மேடையில் நின்றார்கள் என்ற செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பள்ளியில் பாய் விரித்துப் பயிற்சி தருகிறார்கள். ரூபி எவன்ஸ் 17 வயதில் ஒலிம்பிக் போய்விட்டாரே, எங்களுக்குக் காலம் கடந்துவிட்டதா?
– வாசகி ஒருவர், நகரி

பதில்: பெண்கள் போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 வயதை எட்டினால்தான் சீனியர் பிரிவில் ஆட முடியும். 2007இல் பிறந்த ரூபி எவன்ஸ் 2023இல் அந்தத் தகுதியைப் பெற்றார்; அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் உலகப் போட்டியில் ஆறாம் இடம் பெற்ற அணியிலும், 2024இல் ரிமினியில் ஐரோப்பிய வெள்ளி வென்ற அணியிலும் இருந்தார். விதி அனுமதித்த முதல் ஆண்டிலேயே உள்ளே நுழைந்தவர் என்பதால், அவருடைய வேகம் எல்லாருக்கும் அளவுகோல் ஆகாது. பாரிஸில் அதே அணியில் 32 வயது பெக்கி டவுனியும் இருந்தார். அது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக். அருகிலுள்ள எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் ஹைதராபாத்தின் அருணா ரெட்டியைப் பாருங்கள். 2018இல் மெல்போர்ன் உலகக் கோப்பையில் வால்ட் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டியிருந்தது.

உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் கைவசம் உள்ளன. அதற்குள் நீங்கள் கவலைப்பட வேண்டியது வயதைப் பற்றியல்ல, பாயைப் பற்றி. அதன் கனம் போதுமா, குட்டிக்கரணம் சொல்லித்தருபவர் பயிற்சி பெற்றவரா, வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் ஓய்வு தருகிறார்களா என்பதை அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது நேரிலேயே பார்த்து வாருங்கள்.