சீட்டுக்கு அட்வான்ஸ் கட்டும் முன்

அவிநாசிப் பக்கமிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் பவர்டேபிள் டெய்லர். ஒரே மகள் மெட்ரிக் பள்ளியில் கம்ப்யூட்டர்-கணிதம் எடுத்துப் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 118. தாய்மாமன் முன்னின்று ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் ‘ஏஐ அண்டு டேட்டா சயின்ஸ்’ சீட் பேசி வைத்திருக்கிறார். அட்வான்ஸ் கட்ட இந்த வாரம் கெடு. எட்டு லட்சம் கடன், மீதிக்கு நகை. மகளோ லீவில் ஒத்தாசைக்குப் போய்வந்த கம்பெனி கிரெச்சிலேயே (குழந்தைக் காப்பகம்) வேலைக்குச் சேர்கிறேன், அதற்கான படிப்பையே படிக்கிறேன் என்கிறாள். அங்கே பாதி நம்மூர்க் குழந்தைகள், பாதி ஒடிசா, பீகார்க் குழந்தைகள். இவளும் லைன் வீட்டுப் பிள்ளைகளோடு பழகி இந்தி பேசக் கற்றவள்.

“ஆயா வேலைக்குப் போறதுக்காங்க இத்தனை பீஸ் கட்டிப் படிக்க வெச்சோம்? ஒறம்பரை மூஞ்சியில எப்படீங்க முழிக்கிறது?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, பதினேழு வயதில் இதுதான் வேண்டும் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்த பிள்ளை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. நான் சொல்லக்கூடிய ஆறுதல் இவ்வளவுதான். மற்றது உங்களுக்குக் கசக்கும்.

முதலில் கணக்கு. எட்டு லட்சம், பத்தரை சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் சுமார் 10,800 ரூபாய் வரும். படிக்கும் காலத்து வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால்தான் இந்தக் கணக்கே. முழுத் தொகையும் எடுத்த பிறகு அந்த வட்டி மட்டும் மாதம் 7,000. அதை யார் கட்டுவது? ஆர்டர் இல்லாத மாதத்தில் பனியன் கம்பெனி வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மாமன் சீட் பேசினாரே தவிர, கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாக நீங்கள் எழுதவில்லை.

அடுத்து, படிப்பு. பெயரில் ஏஐ இருக்கிறது என்பதால் உள்ளே கணிதம் குறைந்துவிடாது. நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் அங்கே அன்றாடச் சோறு. உங்கள் மகளுக்குக் கணிதம் பிடிக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 2024-25 முதல் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. சேர்க்கை உச்சவரம்பைத் தளர்த்தியதும் பெயர்பெற்ற கல்லூரிகளே கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடங்களைக் கூட்டின. அங்கிருந்து வெளிவரும் கூட்டத்தோடுதான் பின்வரிசைக் கல்லூரியில், பிடிக்காத பாடத்தில், அரியரோடு வருகிறவள் மோத வேண்டும். இந்த சீட் வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து. பேரம் பேசிக் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

பி.காம்., நர்சிங், பி.எட். என்று சொல்ல ஊரில் ஆளிருக்கிறது. அவற்றை விடுகிறேன். உங்கள் மகள் கேட்கும் வேலை என்ன என்பதைப் பார்ப்போம், ஏனென்றால் அதை இன்னும் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள, நடைபழகிப் பேச்சுப் பழகும் குழந்தைகளை இரண்டு மொழியில் வளர்த்தெடுக்கும் ஆசிரியர் வேலை அது. காலை எட்டரை ஷிப்டுக்கு முன்பே ஆரம்பித்துவிடும். அம்மாவை விட்டுப் பிரியும் குழந்தை அழும். அசந்த நேரம் பார்த்து அம்மா நழுவிவிட்டால் மறுநாள் இன்னும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொள்ளும். ‘சாயங்காலம் பால் குடிச்சதும் அம்மா வருவா’ என்று சொல்லிவிட்டுப் போகச் செய்வதும், சொன்ன நேரத்துக்கு அவள் வந்ததைக் குழந்தைக்குக் காட்டிக்கொடுப்பதும் ஆசிரியரின் வேலை. இதை ஒடிசா அம்மாவிடம் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிய வேண்டும்.

பிறகு கைகழுவல், கூழ், ஜட்டி மாற்றல், தண்ணீர்த் தொட்டி, மண், தூக்கம். வெளியிலிருந்து பார்த்தால் ஆயா வேலைதான். ஆனால் ஜட்டி மாற்றும் மூன்று நிமிடம்தான் அந்தக் குழந்தைக்கு ஒரு பெரியவரின் முழு முகமும் கிடைக்கும் நேரம். ‘காலைத் தூக்கு, இந்தக் கால், அடுத்த கால்’ என்று தினமும் அதே சொல்லை அதே செயலோடு கேட்டுக்கேட்டு மொழி உள்ளே போகிறது. அமெரிக்காவில் பாட்ரிசியா குல் என்ற ஆய்வாளரின் குழு 2003-ல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைத் திரையில் பார்த்த குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. ஏஐ வேலைகளைத் தின்றுவிடும் என்ற பயத்தில் ஏஐ படிக்க அனுப்புகிற மாமன்மார் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டு மொழி என்றால் குழம்பாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கோயமுத்தூரில் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! தேவாங்கர் வீடுகளில் இன்றைக்கும் கன்னடம் கேட்கிறது. யாருக்கும் நாக்கு சிக்கிக்கொள்ளவில்லை. ‘பானி வேணும்’ என்று ஒரு ரெண்டு வயது கேட்டால் அது குழப்பம் இல்லை. கையில் இருக்கும் சொல்லை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நல்ல இடங்களில் ஒருவர் பெரும்பாலும் தமிழிலும் இன்னொருவர் மற்ற மொழியிலும் பேசுவார்கள். அல்லது சாப்பாட்டு நேரம் ஒரு மொழி, விளையாட்டு நேரம் வேறு மொழி என்று பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் உடனுக்குடன் இரண்டிலும் சொல்வதுதான் பலர் செய்யும் தப்பு. தனக்குத் தெரிந்த மொழி எப்படியும் வரும் என்று குழந்தை காத்திருக்கும், மற்றதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

புது மொழிக்குள் வந்து விழும் குழந்தை சில வாரம், சில மாதம்கூட வாயே திறக்காமல் இருக்கலாம். கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு குழந்தையும் வாய் திறக்காது, ஆனால் அதற்குக் காது கேட்கவில்லை. இரண்டையும் பிரித்தறிவதுதான் இந்த வேலையின் உச்சம். தமிழில் பத்துச் சொல், வீட்டு மொழியில் நாற்பது சொல் என்றால் அந்தக் குழந்தையிடம் ஐம்பது இருக்கிறது. தமிழை மட்டும் எண்ணுகிறவர் ‘பேச்சு வரலை’ என்று எழுதிவிடுவார். மறுபக்கம், இரண்டு வயது தாண்டியும் எந்த மொழியிலும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் ‘வடக்கத்திக் குழந்தை, போகப்போகச் சரியாகும்’ என்று விடக் கூடாது. அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் காதுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மொழியும் தெரிந்தவர் அறையில் இருந்தால்தான் இது நேரத்துக்கு நடக்கும்.

உங்கள் மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: அவளுக்குத் தெரிந்த இந்தி மட்டும் போதாது. ஒடிசாக் குழந்தையின் வீட்டில் ஒடியா, பீகார்க் குழந்தையின் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மககியோ இருக்கும், ஜார்க்கண்ட் என்றால் சந்தாலியாக இருக்கலாம். பசி, வலி, ஒண்ணுக்கு, அம்மா, பயம் ஆகியவற்றுக்கான சொற்களையாவது அந்தந்த அம்மாக்களிடம் கேட்டு அவள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

வேலை எங்கே இருக்கிறது? முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1976-ல் திருத்திய தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதை விரித்தது. தாய் நாளைக்கு நான்கு முறை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றும் சேர்த்தது. 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதல், மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளரும் கூட ஓர் உதவியாளரும் வேண்டும் என்கிறது. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு பையர் ஆடிட், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனங்களின் சோதனை, வேறு. ஆடிட் அன்றைக்கு மட்டும் தொட்டில் தொங்கும் இடங்களும் உண்டு; அங்கே அவள் போக வேண்டாம். சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐ.டி. ஊழியர்களின் பிள்ளைகளுக்கான தமிழ்-ஆங்கிலக் காப்பகங்கள் இன்னொரு வாசல்.

சம்பளத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். ஆரம்பத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒன்றரை ஷிப்ட் அடித்து எடுப்பதைவிடக் குறைவாகத்தான் வரும். பல பிளே ஸ்கூல்கள் கொடுப்பது வெட்கக்கேடு. இடுப்பு வலிக்கும், சளி காய்ச்சல் மாறிமாறி ஒட்டும், கடிக்கிற குழந்தை கடிக்கும். ஆனால் கடனில்லாத சின்னச் சம்பளத்தையும், மாதம் 10,800 போன பிறகு மிஞ்சும் பெரிய சம்பளத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பெரிய சம்பளம் கிடைத்தால்தானே மிச்சம் என்ற கேள்வியும் இருக்கிறது. சம்பளம் உயர வேண்டுமென்றால் படிப்பு வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். படிப்பில்லாமல் கிரெச்சிலேயே நின்றுவிட்டால் நீங்கள் பயப்படுகிற ஆயா வேலையாகவே அது முடிந்துவிடும்.

கோவையிலேயே 1957-ல் மனையியல் கல்லூரியாகத் தொடங்கிய அவினாசிலிங்கம் நிறுவனம் இருக்கிறது. பெண்களுக்கானது. அங்கே மனித மேம்பாட்டுத் துறை குழந்தை வளர்ச்சியைத்தான் பாடமாக வைத்திருக்கிறது. தினமும் போய்வர முடிந்தால் என் முதல் பரிந்துரை அது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் மத்திய அரசின் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் பிளஸ் டூ தகுதிக்கு முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு, கல்வி டிப்ளமோ தொலைநிலையில் உண்டு. அதோடு ஒரு பட்டமும் தொடர வேண்டும். பின்னால் பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி என்று கிளை பிரியலாம். அங்கன்வாடிப் பணியாளர் வேலை இப்போதைக்கு இல்லை. 2025 அறிவிப்பில் பிளஸ் டூ போதும், ஆனால் வயது 25 ஆகியிருக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் உஷார். ‘மாண்டிசோரி டிப்ளமோ, ஆறு மாதம், வேலை கேரண்டி’ என்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போர்டு தொங்கும். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கே வந்து பயிற்சி நடத்தியவர்தான். ஆனால் அந்தப் பெயரை இன்று யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: நிஜக் குழந்தைகள் இருக்கும் அறையில் எத்தனை மணி நேரம் உட்கார வைப்பீர்கள்? பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பொறியியலுக்குக் கடன் வேண்டாம் என்று சொன்ன நான் இதற்குக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன்.

‘இதைப் படிச்சா வெளிநாடு போக முடியுமா’ என்று மாமன் கேட்டாராம். அமெரிக்காவில் இந்த வேலைக்கு சி.டி.ஏ. என்றொரு சான்று இருக்கிறது: 120 மணி நேரப் பயிற்சி, குழந்தைகளோடு 480 மணி நேர அனுபவம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவும், இருமொழிச் சிறப்புப் பிரிவும் உண்டு. அங்கே இதை ஒரு தொழிலாக மதிக்கிறார்கள் என்று காட்டவே இதைச் சொன்னேன். விசாவுக்கு இது வழியில்லை. அந்த ஆசையில் யாரும் இதில் இறங்க வேண்டாம்.

உங்கள் மகளுக்கும் ஒரு நிபந்தனை. லீவில் ஒத்தாசைக்குப் போனது வேறு, மழைக்காலத்தில் எட்டுக் குழந்தைக்கும் மூக்கு ஒழுகும்போது நிற்பது வேறு. கல்லூரி திறக்கும்வரை தினமும் முழு ஷிப்டும் அந்த அறையில் நிற்கட்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு. ‘பாவம், குழந்தைகள்’ என்ற இரக்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும். அது தீர்ந்த பிறகும் ஒரு குழந்தை ஏன் கடிக்கிறது என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தால் அவளுக்கு இந்த வேலை ஒத்துவரும் என்று நீங்கள் நம்பலாம். சலித்துப்போனால் அதையும் அவள் வாயாலேயே சொல்லட்டும். அப்போதும் மேனேஜ்மென்ட் சீட் பக்கம் போகாதீர்கள், எனக்கு எழுதுங்கள்.

ஒருவேளை நீங்கள் இதைப் படிப்பதற்குள் மாமன் அட்வான்ஸைக் கட்டியிருந்தால் பதற வேண்டாம். வகுப்பு தொடங்கும் முன் எழுத்தில் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.