டல்லாஸிலிருந்து முதல் ஸ்பிரிங் பிரேக்: எங்கே போகலாம்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், சரிதானா பாருங்கள். நவம்பரில்தான் டல்லாஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவுக்குக் குடிவந்திருக்கிறீர்கள். மார்ச் நடுவில் பள்ளிக்கு ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக், அதாவது வசந்த கால விடுமுறை. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களுக்கு முழங்கால் வலி. ஆபீஸில் மூன்று நாளுக்கு மேல் லீவு போட முடியாது. பிள்ளைகள் டிஸ்னி என்று குதிக்கிறார்கள், ஆபீஸ் நண்பர்கள் டெக்சாஸ் துறைமுகமான கால்வெஸ்டனிலிருந்து கப்பலில் மெக்சிகோ போகச் சொல்கிறார்கள். "அக்கா, எது நல்லது?" என்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். காரை எடுத்துக்கொண்டு பக்கத்து மாநிலமான ஆர்கன்சாஸ் போங்கள். யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

டிஸ்னியை ஏன் தள்ளிப்போடச் சொல்கிறேன் என்றால், டெக்சாஸில் பெரும்பாலான பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் இந்த விடுமுறை. விமான டிக்கெட், ஹோட்டல், பார்க் டிக்கெட் எல்லாமே அந்த வாரம் எகிறும். அங்கே 3 வயதிலிருந்தே டிக்கெட் எடுக்க வேண்டும். ஆனால் பெரிய சவாரிகள் பலவற்றுக்கு 38, 40, 44 அங்குலம் என்று உயரக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு வயதுப் பையன் பாதியில் வெளியே நின்று அழுவான். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதைத் தள்ளுவது யார், பையனைத் தூக்குவது யார் என்று வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். டிஸ்னி எங்கும் ஓடிப்போய்விடாது. பையன் இன்னும் கொஞ்சம் வளரட்டும்.

கப்பல் விஷயத்தில் எனக்குப் பணத்தைவிடக் காகிதம்தான் கவலை. உங்கள் பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை செல்லுபடியாக இருக்கும்வரை மெக்சிகோ தனி விசா கேட்பதில்லை. அதில் சிக்கல் இல்லை. திரும்பி வரும்போது புதிதாக ஐ-94 பதிவு, அதாவது எந்தத் தேதிவரை இங்கே தங்கலாம் என்ற பதிவு, போடக்கூடும், அதில்தான் கவனம் வேண்டும். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறதென்றால் அந்தத் தேதியோடு ஐ-94-ஐயும் வெட்டிவிடுவார்கள். கையிலிருக்கும் 797 என்ற அனுமதிக் காகிதத்தில் இன்னும் இரண்டு வருடம் என்று போட்டிருக்கும், நாமும் அதையே நம்பிக்கொண்டு இருப்போம். ஆகவே வீட்டில் யாருடைய பாஸ்போர்ட்டாவது முடியப்போகிறதென்றால் முதலில் அதைப் புதுப்பியுங்கள், கப்பலெல்லாம் அப்புறம். வேலை மாறி, விசா முத்திரை காலாவதியான நண்பர் யாராவது "நாங்கள் போய்வந்தோமே" என்று சொன்னால், அவர் வேறு விதியில் போய்வந்திருப்பார். அவர் கதையை வைத்து நீங்கள் டிக்கெட் போடாதீர்கள்.

கடற்கரை என்று ஆசையிருந்தால்கூட அந்த வாரம் வேண்டாம். சவுத் பாட்ரே தீவு கல்லூரிப் பிள்ளைகளின் கோட்டை. விடிய விடியப் பாட்டும் பீரும்தான், அம்மாவோடு போகிற இடமில்லை. கால்வெஸ்டன் தண்ணீர் மார்ச்சில் இன்னும் குளிராகத்தான் இருக்கும், நிறமும் பழுப்பு. வசந்த காலத்தில் நீலப் பலூன் போல ஒரு கடலுயிர் மணலில் ஒதுங்கிக் கிடக்கும், அதைப் பிள்ளைகள் தொட்டுவிடக் கூடாது, கொட்டும்.

நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் என்று ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது, ஜிப்சம் மணல்மேடுகள், வெள்ளை வெளேரென்று. என் மனதுக்கு மிகவும் பிடித்த இடம். ஆனால் டல்லாஸிலிருந்து பத்து மணி நேர ஓட்டம், மூன்று நாளில் அடங்காது. மார்ச்சில் காற்றும் கடுமை. அதை வேறொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தெற்கு டெக்சாஸிலும் நியூ மெக்சிகோ பக்கமும் நெடுஞ்சாலை நடுவிலேயே எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. மெக்சிகோவுக்குள் கால் வைக்காமலே "நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன்?" என்று கேட்பார்கள். எல்லாருடைய பாஸ்போர்ட், 797, ஐ-94 அச்சு எல்லாம் காரில் இருக்க வேண்டும். ஆர்கன்சாஸ் வழியில் அப்படிச் சாவடி கிடையாது. ஆனாலும் ஐ-94 நகல் எங்கே போனாலும் பையிலேயே இருக்கட்டும்.

சரி, ஆர்கன்சாஸுக்கு வருவோம். ஐ-30 நெடுஞ்சாலை பிடித்தால் நேர்ப் பாதை. ராய்ஸ் சிட்டியில் பக்கீஸ் என்ற பெரிய பெட்ரோல் நிலையக் கடை வரும், அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும், அம்மாவை இறக்கிக் கொஞ்சம் நடக்க விடுங்கள். அப்புறம் டெக்சார்க்கானா. அந்த ஊரில் தபால் நிலையமும் நீதிமன்றமும் சேர்ந்த கட்டடம் இரண்டு மாநில எல்லையில் நிற்கிறது. ஒரு கால் டெக்சாஸில், ஒரு கால் ஆர்கன்சாஸில் வைத்து எல்லாரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பையனுக்கு அது போதும், அரை மணி நேரம் ஓடிவிடும். அதைத் தாண்டினால் முன்னாள் ஜனாதிபதி கிளின்டன் பிறந்த ஹோப் என்ற சிற்றூர்.

நீங்கள் போக வேண்டியது மர்ஃப்ரீஸ்பரோ பக்கத்தில் இருக்கும் கிரேட்டர் ஆஃப் டைமண்ட்ஸ் மாநிலப் பூங்கா. பழைய எரிமலைக் குழாயின் வாய் அது. இப்போது 37 ஏக்கர் உழுத நிலமாகக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் தோண்டலாம், வைரம் கிடைத்தால் கிடைத்தவருக்கே சொந்தம். விளையாட்டில்லை, சட்டப்படியே அப்படித்தான். 1906-ல் ஜான் ஹடல்ஸ்டன் என்ற விவசாயி தன் நிலத்தில் முதல் கற்களைக் கண்டெடுத்தார். 1924-ல் இங்கே எடுத்த ஒரு கல் 40.23 காரட், அமெரிக்காவில் கிடைத்ததிலேயே பெரியது. 1972-லிருந்து இது மாநிலப் பூங்கா.

உங்கள் மகளின் வயதுக்கு இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியவில்லை. மண்வெட்டி, வாளி, சல்லடை எல்லாம் அங்கேயே வாடகைக்குத் தருகிறார்கள். மண்ணை வாளியில் அள்ளிக்கொண்டு கூரை போட்ட கழுவுமிடத்துக்கு வர வேண்டும். அங்கே நீளமான தொட்டிகளில் தண்ணீர் இருக்கும். மேலே பெரிய கண் சல்லடை, கீழே பொடிக்கண் சல்லடை. தண்ணீருக்குள் வைத்துச் சுழற்றிச் சுழற்றி ஆட்டினால் சேறு கரைந்துபோய்க் கனமான கற்கள் நடுவில் வந்து சேரும். பிறகு சட்டென்று மேசைமேல் கவிழ்த்து, நடுவில் குவிந்ததை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். பூங்காக்காரர்கள் இதைப் பொறுமையாகச் சொல்லித்தருவார்கள். உங்கள் அம்மாவுக்குச் சொல்லித்தரவே வேண்டாம், அரிசியில் கல் அரித்த கை அது. நிழலில் உட்கார்ந்தே செய்யலாம் என்பதால் முழங்காலுக்கும் தொந்தரவில்லை.

வைரம் கிடைக்குமா என்றால், நாளொன்றுக்குச் சராசரியாக ஓரிரண்டு பேருக்குக் கிடைக்கிறது. பெரும்பாலும் தீக்குச்சித் தலை அளவுதான், வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று மூன்று நிறத்தில். உங்களுக்குக் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாஸ்பர், குவார்ட்ஸ், அகேட் என்று பை நிறைய வண்ணக் கற்கள் கிடைக்கும். அவற்றை அங்கேயே ஊழியர்களிடம் காட்டினால் ஒவ்வொன்றாக எடுத்து இது இன்ன கல் என்று இலவசமாகச் சொல்வார்கள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரம் அது. கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து நீட்டுகிற பெரியவர்களும் உண்டு, அவர்களுக்கும் அதே மரியாதையோடு பதில் கிடைக்கும்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே செய்துவிடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருக்கிறது, ஸ்பிரிங் பிரேக் வாரத்தில் டிக்கெட் தீர்ந்துபோகும், இணையத்தில் இப்போதே எடுத்துவைப்பது நல்லது. அடுத்தது, தூக்கிப்போடத் தயாராக இருக்கும் பழைய செருப்பும் உடுப்பும். அந்தச் சேறு துணியைவிட்டுப் போகாது. முந்தின நாள் மழை பெய்திருந்தால் முகம் சுளிக்காதீர்கள். மழை கழுவிவிட்ட நிலத்தில்தான் கல் கண்ணில் படும். வைரத்தில் சேறு ஒட்டாது.

அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஓட்டினால் ஹாட் ஸ்பிரிங்ஸ். ஊருக்கு நடுவிலேயே தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம் இல்லை. மலையடிவாரத்தில் 47 ஊற்றுகள், தண்ணீர் 62 டிகிரி செல்சியஸ் சூட்டில் வருகிறது. சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை பூமிக்குள் ஆழமாக இறங்கிச் சூடேறி இப்போது மேலே வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மகளிடம் இதைச் சொல்லுங்கள், அம்மாவிடமும் சொல்லுங்கள்.

ஆனால் குற்றாலம் மாதிரி இறங்கிக் குளிக்கலாம் என்று அம்மாவுக்கு ஆசை காட்டிவிடாதீர்கள். திறந்தவெளியில் குளிக்க இடமே கிடையாது, புல்வெளிப் பக்கம் வழியும் ஊற்றைத் தொட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். குளிப்பதெல்லாம் பழைய குளியல் மாளிகைகளுக்குள். பக்ஸ்டாஃப் 1912-லிருந்து நடக்கிறது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தளம், பணியாளர் கூடவே இருந்து தொட்டியில் உட்காரவைத்துச் சூட்டுத் துணி சுற்றிவிடுவார். நம் அம்மாக்களுக்குக் கூச்சமாக இருக்கும், கட்டாயப்படுத்த வேண்டாம். அதற்கு வேறு வழி இருக்கிறது. ஊருக்குள் குழாய் ஊற்றுகளில் உள்ளூர்க்காரர்கள் காரின் டிக்கி நிறையக் கேன்களை அடுக்கிக்கொண்டு வந்து தண்ணீர் பிடித்துப் போவார்கள். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், காசில்லை. நீங்களும் நான்கு கேன் பிடித்து, ஹோட்டல் அறையில் ஒரு டப்பில் ஊற்றிக் காலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஃபோர்டைஸ் குளியல் மாளிகையை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், வண்ணக் கண்ணாடிக் கூரையெல்லாம் போட்டு. அதையும் பார்த்துவிடலாம்.

நாட்களை எப்படிப் பிரிப்பது? ஹாட் ஸ்பிரிங்ஸில் அந்தப் பருவத்தில் குதிரைப் பந்தயம் நடக்கும். வார இறுதியில் அறை வாடகை ஏறிவிடும். அதனால் ஞாயிறு காலை கிளம்பி, நிதானமாக ஹோப் அல்லது ஆர்க்கடெல்ஃபியாவில் தங்குங்கள். திங்கள் முழுக்கத் தோண்டிவிட்டுச் சாயங்காலம் ஹாட் ஸ்பிரிங்ஸ் போய்விடலாம். செவ்வாய் அங்கே. புதன் மதியம் புறப்பட்டால் நாலரை மணி நேரத்தில் டல்லாஸ் வந்துவிடலாம். மூன்று நாள் லீவில் முடிந்தது. ஆர்கன்சாஸ் பள்ளிகளுக்கு பெரும்பாலும் நம்முடையதற்கு அப்புறம்தான் விடுமுறை, அதனால் உள்ளூர்க் கூட்டமும் குறைவு.

சாப்பாட்டுக்கு ஊரை நம்பாதீர்கள். அந்தச் சின்ன ஊர்களில் சைவம் என்றால் வறுத்த உருளைக்கிழங்கும் சீஸ் பிட்சாவும்தான். சமையல் மேடை உள்ள அறையாகப் பார்த்து எடுங்கள், ரைஸ் குக்கர் கொண்டுபோங்கள். முதல் நாளுக்குப் புளியோதரை, மற்ற நாளுக்குப் பருப்புப்பொடி, தயிர், ஊறுகாய் போதும்.

கடைசியாக ஒன்று. பையனுக்குச் சிறுவர் இருக்கை டெக்சாஸ் சட்டப்படி கட்டாயம். அதைப் பின்னால் மாட்டிவிட்டு இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தால் உங்கள் செடானில் கால் நீட்ட இடமிருக்காது. அம்மாவை முன்னால் உட்காரவையுங்கள், இல்லையென்றால் நான்கு நாளைக்கு ஒரு மினிவேன் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். அறையை இன்றே போடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில். மார்ச் என்றால் இங்கே இடியும் ஆலங்கட்டி மழையும் திடீரென்று வரும், முந்தின இரவு வானிலை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.