லாக் எண்ட், மிக்கி மவுஸ், கிரிக்கெட்: பப் டார்ட்ஸுக்கு எந்த போர்டு வாங்குவது?

கேள்வி: கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருந்தவரை நண்பர்களோடு பப்பில் டார்ட்ஸ் (வட்டப் பலகையில் சிறு அம்பு எறியும் ஆட்டம்) ஆடுவேன். 501, ரவுண்ட் தி கிளாக் இரண்டும் தெரியும். வேலை மாறி மான்செஸ்டர் பக்கத்து ஸ்டாக்போர்ட் வந்துவிட்டேன். கூட வேலை பார்ப்பவர் தன் பப் அணியில் என்னைச் சேர்த்துவிட்டார், அடுத்த மாதம் முதல் ஆட்டம். அங்கே "லாக் எண்ட்" ஆட வேண்டுமாம். அதே இரவில் "ஃபைவ்ஸ் அண்ட் த்ரீஸ்" உண்டாம். லீக் ஆட்டம் முடிந்தபின் பொழுதுபோக்குக்கு "மிக்கி மவுஸ்" அல்லது "கிரிக்கெட்" என்கிறார்கள். வீட்டில் பழக போர்டு தேடியபோது, "எல்லா வட்டார ஆட்டமும் ஒரே போர்டில்" என்று ஒருவர் இணையத்தில் விற்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா? விதிகளை எங்கே படிப்பது?
– ஒரு வாசகர், ஸ்டாக்போர்ட்

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது சாதாரண போர்டு ஒன்றும், அதன் மேல் ஒட்டிக்கொள்ள அச்சடித்த தாள்கள் நான்கும்தான். அதில் ஒரு தாளில் "மான்செஸ்டர்" என்று எழுதியிருக்கிறது. மான்செஸ்டர் போர்டு தாளில் வராது. அது மரம்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம், அவர்கள் சொன்ன பெயர்கள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. லாக் எண்ட் என்பது போர்டின் பெயர், மான்செஸ்டர் போர்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். மிக்கி மவுஸும் கிரிக்கெட்டும் ஆட்டத்தின் பெயர்கள். ஃபைவ்ஸ் அண்ட் த்ரீஸ் டார்ட்ஸே இல்லை, புள்ளியிட்ட கட்டைகளை மேஜையில் அடுக்கி ஆடும் டாமினோ. வட இங்கிலாந்தின் பல லீக்குகளில் டார்ட்ஸும் டாமினோவும் ஒரே இரவில், ஒரே அணிக்கு நடக்கும். புதிதாக வருபவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் போர்டு. நீங்கள் ஈஸ்ட் ஹாமில் ஆடியதும் டிவியில் பார்ப்பதும் லண்டன் போர்டு, அதாவது ட்ரெபிள் வளையம் (விழுந்த எண்ணுக்கு மும்மடங்கு தருவது) உள்ள போர்டு. குறுக்களவு 45 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். உச்சியில் 20, அதன் இரு பக்கமும் 5, 1. இன்று உலகம் முழுக்க இதைத்தான் தரப் பலகை என்கிறார்கள். மான்செஸ்டர், ஸ்டாக்போர்ட், சால்ஃபோர்ட் பக்கத்து லாக் எண்ட் போர்டு வெறும் 10 அங்குலம்தான். அடிமரத்தைக் குறுக்காக அறுத்து எடுத்த வட்டம் அது. ட்ரெபிள் கிடையாது. இரட்டிப்புப் புள்ளி தரும் வெளி வளையமான டபுள், தரப் பலகையில் 8 மில்லிமீட்டர் அகலம் என்றால் இதில் ஏறக்குறைய பாதி. எண்களின் வரிசையும் வேறு. உச்சியில் இருப்பது 4. கடிகாரச் சுற்றில் 4, 20, 1, 16, 6, 17, 8, 12, 9, 14, 5, 19, 2, 15, 3, 18, 7, 11, 10, 13 என்று போகும். பழக்கதோஷத்தில் உச்சியைக் குறிவைத்தால் நாலு விழும், கை இடப்பக்கம் தவறினால் 13. மூன்று டார்ட்டில் லண்டன் போர்டில் அதிகபட்சம் 180 என்றால் இதில் மூன்றும் புல்லில், அதாவது 50 தரும் நடுவட்டத்தில், விழுந்தால்கூட 150தான்.

உங்கள் லீக் இதில்தான் நடக்கிறது என்றால் இதில்தான் பழக வேண்டும். ஆனால் உடனே ஒன்றை வாங்கிவிடாதீர்கள், ஏனென்றால் இந்த மரத்தைப் பராமரிப்பது தனி வேலை. டார்ட் குத்திய துளைகள் மூட வேண்டுமானால் மரம் ஈரத்தில் ஊறி உப்ப வேண்டும். அதனால் ஆட்டம் முடிந்ததும் போர்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைப்பார்கள், அடுத்த ஆட்டத்துக்கு எடுத்துத் துடைத்து மாட்டுவார்கள். ஊறப்போடாமல் விட்டால் காய்ந்து வெடித்துவிடும்.

இங்கேதான் பலர் பணத்தை இழக்கிறார்கள். மூடிய பப்களிலிருந்து வந்த பழைய லாக் எண்ட் போர்டுகளை "ஒரிஜினல் எல்ம் மரம், அரிய பொருள்" என்று சொல்லிச் சிலர் விற்கிறார்கள். எல்ம் உண்மையாகவே அரிதுதான். 1970களில் நோய் பரவி பிரிட்டனின் எல்ம் மரங்களில் பெரும்பகுதி அழிந்துபோனது, பின்னால் பாப்லர் மரத்துக்கு மாறினார்கள். ஆனால் ஆண்டுக்கணக்கில் சுவரில் காய்ந்து கிடந்த மரம் அலங்காரத்துக்குத்தான் உதவும். தண்ணீரில் போட்டால் வெடிப்பு மூடிவிடும் என்று விற்பவர் சொல்வார். நடுவிலிருந்து விளிம்பு வரை ஓடிய வெடிப்பு மூடாது. குறுகிய டபுளின் கம்பியும் அதோடு நெளிந்திருக்கும். ஆடுவதற்கு வாங்குவதானால் உங்கள் லீக்கின் பப்கள் யாரிடம் வாங்குகின்றனவோ அவரிடமே கேட்டு, புதிதாக, ஈரமாக வாங்குங்கள். இடைத்தரகர் வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான தவறையும் சொல்லிவிடுகிறேன். "டார்ட் போர்டை ஊறவைக்க வேண்டும்" என்று அணியில் யாராவது பெரியவர் சொல்வார். அவர் சொல்வது மரப் போர்டுக்கு. அதைக் கேட்டு வீட்டில் உள்ள லண்டன் போர்டில் தண்ணீர் தெளிக்காதீர்கள். 1930களிலிருந்து அந்த வகை போர்டுகள் கத்தாழை நாரால் செய்யப்படுகின்றன. நாரை இறுக்கி அடுக்கியிருப்பதால் டார்ட்டை உருவியதும் துளை தானாகவே மூடிக்கொள்ளும். ஈரம் பட்டால் நார் உப்பி மேடாகிவிடும், அதன்பின் அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. நல்ல போர்டுகள் இப்படிப் பாழாவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அதனால் என் யோசனை இது. கையில் லண்டன் போர்டு இருந்தால் அதிலேயே பழகுங்கள். இல்லையென்றால் கத்தாழை நார் போர்டு ஒன்று வாங்குங்கள். பின்பக்கம் பேஸ்பால் படம் போட்ட, காகிதத்தைச் சுருட்டிச் செய்த மலிவுப் போர்டு வேண்டாம், சில வாரங்களில் உரிந்துவிடும். லண்டன் போர்டின் ட்ரெபிள் வளையத்தின் வெளிவிளிம்பு 21.4 சென்டிமீட்டர் குறுக்களவு. லாக் எண்ட் போர்டு மொத்தமே 25 சென்டிமீட்டர்தான். ஆகவே ட்ரெபிளையே உங்கள் டபுளாக நினைத்துக்கொண்டு, அதற்கு வெளியே விழுவதையெல்லாம் பூஜ்யமாக எண்ணி ஆடுங்கள். வளையம் லாக் எண்டைவிட இரண்டு மடங்கு அகலம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எண் வளையத்தைச் சுழற்றினால் இந்த வரிசை வராது. மேலே கொடுத்த வரிசையை மாஸ்கிங் டேப்பில் எழுதி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

நிற்கும் தூரத்தைக் கேப்டனிடம் கேட்டே ஆக வேண்டும். தரப் பலகைக்கு ஓக்கி, அதாவது எறியும் கோடு, 7 அடி 9¼ அங்குலத்தில் இருக்கும். அது உங்களைக் கட்டுப்படுத்தாது, உங்கள் லீக்கின் அளவுதான் கட்டுப்படுத்தும். நீங்கள் விட்டு வந்த கிழக்கு லண்டனில் "ஃபைவ்ஸ்" என்றொரு போர்டு உண்டு. 5, 10, 15, 20 என்ற நான்கு எண்களே மூன்று முறை சுற்றி வரும், மொத்தம் 12 பிரிவு. அதற்கு வழக்கமாக 9 அடியில் நிற்பார்கள். யாராவது ஃபைவ்ஸ் என்றால் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். அந்தப் போர்டாக இருக்கலாம். லண்டன் போர்டிலேயே மூன்று டார்ட்டின் கூட்டுத்தொகை ஐந்தால் வகுபட்டால் மட்டும் புள்ளி தரும் "ஃபிஃப்டி ஒன் பை ஃபைவ்ஸ்" ஆட்டமாகவும் இருக்கலாம். யார்க்‌ஷயர், கென்ட் போர்டுகளில் எண் வரிசை லண்டன் மாதிரியேதான், ஆனால் ட்ரெபிள் இல்லை. அவை இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

இனி ஆட்டங்கள். கிரிக்கெட் என்றதும் நமக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், இணையத்தில் தேடி வீடியோவும் பார்த்துவிடுவோம். அந்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்கர்களுடையவை. அவர்கள் கிரிக்கெட் என்பது, 20 முதல் 15 வரையிலான எண்களையும் புல்லையும் மும்மூன்று முறை அடித்து மூடும் ஆட்டம். இங்கிலாந்து பப்பில் அதற்குத்தான் மிக்கி மவுஸ் என்று பெயர், சில ஊர்களில் டாக்டிக்ஸ். எண்களும் 15ஓடு நிற்காமல் 12 வரையோ 10 வரையோ இறங்கும். இங்கிலாந்து பப்பின் கிரிக்கெட்டில் நிஜமாகவே ஒருவர் பேட்டிங், ஒருவர் பௌலிங். பௌலர் புல்லை அடித்து விக்கெட் எடுப்பார். நடுவட்டத்தைச் சுற்றிய அவுட்டர் புல் ஒரு விக்கெட், நடுவட்டமான உள் புல் இரண்டு. பேட்ஸ்மேனுக்கு மூன்று டார்ட்டில் 40க்கு மேல் எடுத்தது மட்டுமே ரன். 57 எடுத்தால் 17 ரன், 39 எடுத்தால் ஒன்றுமில்லை. பத்து விக்கெட் விழுந்ததும் மாற்றிக்கொள்வார்கள்.

மிக்கி மவுஸில் ஒரே ஒரு இடத்தில்தான் சண்டை வரும், அதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சில பப்களில் எண்களோடு "டபுள்", "ட்ரெபிள்" என்று இரண்டு தனி வரிகளும் ஸ்கோர் பலகையில் இருக்கும். எந்த எண்ணின் டபுளாக இருந்தாலும் மூன்று அடித்தால் டபுள் வரி மூடும், ட்ரெபிள் வரியும் அப்படியே. இப்போது நீங்கள் ட்ரெபிள் 20 அடித்தீர்கள் என்று வையுங்கள். அதை 20க்கு மூன்று கோடாகப் போடுவதா, ட்ரெபிள் வரியில் ஒரு கோடாகப் போடுவதா? ஏதாவது ஒன்றுதான், இரண்டும் கிடையாது. எது என்று தீர்மானிப்பவர் அடித்தவர். அதை எப்போது சொல்வது என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு. சில இடங்களில் டார்ட்டை உருவுவதற்கு முன் சொன்னால் போதும், சில இடங்களில் எறிவதற்கு முன்பே சொல்ல வேண்டும். வாய் திறக்காமல் இருந்தால் ஸ்கோர் எழுதுபவர் எண்ணில்தான் போடுவார். அங்கே 20 ஏற்கெனவே இரு தரப்புக்கும் மூடியிருந்தால் உங்கள் ட்ரெபிள் வீணாகும். டபுள் 20க்கும் இதே கதை. இந்த இரண்டு வரிகள் இல்லாத பப்பில் இந்தத் தொல்லையே இல்லை. போர்டு லாக் எண்ட் என்றால் ட்ரெபிளே கிடையாது என்பதால் டபுளைப் பற்றி மட்டும் கேட்டால் போதும்.

கில்லர், ஷாங்காய், ஹாவ் இட் போன்ற மற்ற டார்ட்ஸ் ஆட்டங்களை எல்லாம் ஐந்து நிமிடத்தில் பார்த்தே பழகிவிடலாம். கில்லரில் எத்தனை உயிர், ஷாங்காயில் 7 வரையா 20 வரையா என்று மட்டும் பணம் வைக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். புதியவர் பணம் வைத்த பிறகு விதியை நினைவுபடுத்துகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

விதிகளை எங்கே படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பற்றி எனக்குக் கோபமே வருகிறது. 1973இல் பிரிட்டிஷ் டார்ட்ஸ் ஆர்கனைசேஷன் வந்தது. கவுண்டிகளுக்கு (மாவட்டங்களுக்கு) இடையிலான ஆட்டங்களுக்கு லண்டன் போர்டு, 1978 முதல் டிவியில் காட்டிய உலகப் போட்டிக்கும் லண்டன் போர்டு. பெரிய மேடைக்குப் போக விரும்பிய வடக்கத்திய இளைஞர்கள் சொந்த ஊர் போர்டை விட்டு அதற்கு மாறினார்கள். 2020இல் அந்த அமைப்பே சரிந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் லாக் எண்டுக்கும் ஃபைவ்ஸுக்கும் பப் ஆட்டங்களுக்கும் நாடு முழுக்கப் பொதுவான விதித்தொகுப்பு ஒன்றை எழுதி வைக்க மேலே இருந்தவர்கள் அக்கறை காட்டவில்லை. சாப்பாட்டு மேஜைக்கு இடம் வேண்டும் என்று பப் நிறுவனங்கள் போர்டைக் கழற்றும்போதும் பேச ஆளில்லை. உள்ளூர் லீக் செயலாளர்கள் தங்கள் கைக்காசில், தங்கள் நேரத்தில் இதைக் காப்பாற்றி வருகிறார்கள். ஆகவே உங்களுக்கான விதிப்புத்தகம் உங்கள் லீக் செயலாளரிடம்தான் இருக்கும், சில நேரம் அவர் தலைக்குள்ளேயே இருக்கும். போன் செய்து கேளுங்கள். எத்தனை புள்ளியிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவது, டபுளில் தொடங்க வேண்டுமா, முடிக்கும்போது புல் டபுளாகச் செல்லுமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் பணம் கட்டி இறக்கும் "அதிகாரப்பூர்வ வட்டார விதிகள்" உங்கள் லீக்கில் செல்லாது.

கடைசியாக ஃபைவ்ஸ் அண்ட் த்ரீஸ். 28 கட்டை உள்ள சாதாரண டாமினோ பெட்டி போதும், அதை நம்பி வாங்கலாம். மேஜையில் அடுக்கிய கட்டை வரிசையின் இரு முனைகளிலும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை ஐந்தால் வகுபட்டாலும் மூன்றால் வகுபட்டாலும் புள்ளி. 9 வந்தால் மூன்று புள்ளி, 10 வந்தால் இரண்டு. 15 மட்டும் ஐந்தாலும் மூன்றாலும் வகுபடுவதால் மூன்றும் ஐந்தும் சேர்த்து எட்டுப் புள்ளி தரும். இரட்டைக் கட்டை முனையில் இருந்தால் இரண்டு பக்கமும் கணக்கில் சேரும், அதாவது ஒரு முனையில் 6-6, மறுமுனையில் 3 என்றால் 15. இலக்கு வழக்கமாக 61, அதைத் தாண்டாமல் சரியாக அந்த எண்ணில் முடிக்க வேண்டும். கடைசியில் ஒன்று, இரண்டு என்று சின்னப் புள்ளி தரக்கூடிய கட்டைகளை எண்ணி வைத்துக்கொண்டு ஆடுங்கள்.